ஆயில் முள்

ஜெயகணேஷ் சாவியை நுழைத்துவிட்டான். குவார்ட்டர்ஸ் வாசலை அடைத்துக்கொண்டு ரேஸ் கார் நின்றது. அதை எடுத்தால்தான் பந்தல் போட முடியும். உள்ளே அவன் அப்பா மருதாசலத்தைக் கிடத்தியிருந்தார்கள்.

தலைமாட்டில் இருந்த திலகவதி எழுந்தாள்.

"புருஷன வுட்டுட்டு எங்க போற தெலகா, ஒக்காரு" என்று பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் கையைப் பிடித்தாள். திலகவதி அதை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"ஸ்டார்ட் பண்ணாதடா. உள்ள ஆயில் இல்ல."

மகன் சாவியிலிருந்து கையை எடுத்தான். ஆயில் இல்லாமல் ஓடினால் இன்ஜின் இறுகிப்போகும் என்பது அவனுக்கும் தெரியும். "யாரும்மா எறக்குனது?"

"அப்பாதான். நேத்து சாயங்காலம். ட்ரே நான்தான் புடிச்சேன்."

சொல்லிக்கொண்டே காரைச் சுற்றி வந்தாள். இடது கதவைத் திறந்து, வழக்கமாக உட்காரும் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்டியே இரும்மா, தள்ளிக்கிறோம்."

பந்தல்காரர்கள் தள்ளினார்கள்.

மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் மருதாசலம் அளவுக்கு இன்ஜின் தெரிந்தவர் கிடையாது. பெண்டாட்டியிடம் பேசத் தெரியாதவரும் அவர் அளவுக்குக் கிடையாது. முப்பது வருடம் சோறும் ஷிஃப்ட்டும்தான் பேச்சு. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இந்தக் காரைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் வாய் திறந்தார். வேகமாக வளைந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் வெறும் காற்றை இழுத்தது. அடியிலிருக்கும் ஆயில் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்து, ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்ப்பார். சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. ஆயில் பிரஷர் காட்டும் முள்ளைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"எவ்ளோ திலகா?"

"ஒண்ணரைங்க."

திரும்பும் வழியில் ஆயில் எங்கே ஓடுகிறது என்று விளக்குவார். டீ வாங்கித் தருவார். ஐந்து மணிக்கே சேலை மாற்றிக்கொண்டு காத்திருப்பாள், இந்த வயதில். வளைவில் முள் மூன்றுக்குக் கீழே இறங்காவிட்டால் வேலை முடிந்தது. கார் கோயம்புத்தூர் போய்விடும்.

மூன்று வாரத்துக்கு முன்பே முள் மூன்றில் அசையாமல் நின்றது. அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணரைங்க" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள்.

அவர் நம்பினார். மறுபடி மறுபடி காருக்கடியில் படுத்தார். நேற்றும் தொட்டியைக் கழற்றி மாட்டிவிட்டு, ஆயில் ஊற்றுவதற்கு முன் நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

கார் பிளாக் முனையில் திரும்பி வேப்பமரத்தடியில் நின்றது.

"கோயம்புத்தூர்க்காரர் போன் பண்ணாரும்மா. வேல முடிஞ்சிதான்னு கேக்கறாரு."

ஜெயகணேஷ் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போனான்.

ஓட்டுகிற இருக்கையில் மருதாசலம் விரித்துப்போட்ட துண்டு, மகன் உட்கார்ந்து எழுந்ததில் சுருண்டு கிடந்தது. அதை எடுத்து உதறி, பழையபடி விரித்தாள். எதிரே முள் பூஜ்யத்தில் இருந்தது.

"மூணுங்க" என்றாள். "எறங்கவேயில்ல."