சாப்பிட்டாயா என்று கேட்ட சேவை எண்

பல்கலைக்கழகச் சேவைகளை எல்லாம் கைபேசிக்கு மாற்ற வேண்டும், ஆனால் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது, இருப்பதை வைத்தே செய்யுங்கள் என்று பதிவாளர் சொல்லிவிட்டார். சான்றிதழ் பிரிவில் இருந்தது எழுத்தரின் வாட்ஸ்அப் எண் ஒன்றுதான். அதையே அச்சடித்து வாசல் கண்ணாடியில் ஒட்டினார்கள்.

மறுநாள் மதியம் கைபேசியைத் திறந்த எழுத்தர் திகைத்துப்போனார். மாணவர்களின் கேள்விகளுக்கு அவர் எண்ணிலிருந்தே பதில் போயிருந்தது. அவரோ ஒரு வரிகூட எழுதவில்லை.

“அக்கா, இதைப் பாருங்க. ‘காய்ச்சலா? முதல்ல படுத்துக்கப்பா, ஃபார்ம் எங்கயும் ஓடிடாது.’ இதை யாரு போட்டா?”

தட்டச்சு அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். “தானா பதில் சொல்ற மெஷின் வந்திருக்காமே, அதுவா இருக்கும்.”

“மெஷின் சாப்பிட்டியான்னு கேக்குமா?”

“உங்களைவிட நல்லாவே கேக்குது!”

எழுத்தர் கடைசிச் செய்திக்குப் போனார். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: “என் பட்டம் உண்மைன்னு கம்பெனிக்கு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கடிதம் போகலைன்னா வேலை போயிடும் சார்.” கீழே பதில்: “அழாதம்மா. இன்னைக்கே போயிடும். சாப்பிட்டியா?”

விதிப்படி மூன்று வேலைநாள் ஆகும். யார் கொடுத்த வாக்கு இது? அவர் திருதிருவென விழித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து மனைவி அழைத்தாள்.

“என்னங்க, அந்தப் பொண்ணோட லெட்டர் போயிடுச்சா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“போட்டோ பாக்க உங்க வாட்ஸ்அப்பை நம்ம டேப்லெட்லயும் போட்டுக் குடுத்தீங்களே! காலையிலேர்ந்து டிங் டிங்னு ஒரே சத்தம். உங்களுக்கு வேலை இருக்குமேன்னு நானே பதில் போட்டேன்.”

“என்னைக் கேக்காம இன்னைக்கேன்னு எப்படிச் சொன்னே?”

“அழுற பொண்ணுகிட்ட நீங்க வேற என்ன சொல்லியிருப்பீங்க?”

மூன்று வேலைநாள் என்றுதான் சொல்லியிருப்பார். அது அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று தோன்றியது.

கணினியில் மாணவியின் விவரத்தைச் சரிபார்த்துக் கடிதத்தை அச்செடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய பதிவாளர் கிளம்பியிருக்கக் கூடாதே என்று கடவுளை வேண்டிக்கொண்டு படியிறங்கி ஓடினார். அழுகிறவளுக்குச் சொன்ன ஆறுதலைப் பொய்யாக விடாமல் காப்பதும் ஒரு வழிபாடுதான்.

பதிவாளர் காரில் ஒரு காலை வைத்திருந்தார். “இன்னைக்கேன்னு யாருய்யா சொன்னது?”

“நம்ம சேவை எண்தான் சார்.”

பதிவாளர் எழுத்தரின் கைபேசியை வாங்கி இரண்டு தரம் படித்தார். “சாப்பிட்டியான்னு வேற கேட்டிருக்கு! நாம இப்படியெல்லாம் கேப்போமா?”

“இனிமே கேக்கலாம் சார்.”

கார் முகப்பில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். ஏறி உட்கார்ந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. “ஆமா, இந்த மெஷினை எப்ப வாங்கினீங்க?”

“வீட்டுல இருக்கறதுதான் சார். புதுசா எதுவும் வாங்கல.”

எழுத்தர் கடிதத்தைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினார். மாணவிக்கு, “அனுப்பியாச்சும்மா” என்று தானே எழுதினார். உடனே பதில் வந்தது.

“இப்பதான் சாப்பிட உக்காந்தேன் சார்.”

அவர் விரலை வைக்கும் முன்பே, அவர் பெயரில் கீழே ஒரு வரி தோன்றியது: “அவசரப்படாம மென்னு சாப்பிடும்மா.”