மொரிஸ் இஞ்சின்

சுரேந்திரன் அந்தக் காரைக் கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே அவன் மனைவி கிருஷ்ணகுமாரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் அவன் ஃபெக்டரி மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர். முந்திய காலத்து வெள்ளைக்காரத் தொரை ஒருவர் சீமையிலிருந்து மரப்பெட்டியில் வரவழைத்து, பூட்டாமலேயே விட்டுப்போன ஒரு காரின் பைபர் கூடு ஸ்டோர் மூலையில் கிடந்தது. வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று மனேஜர் சொன்ன அன்று சந்தோஷத்தில் சுரேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைவீதி நடராஜா முதலாளி ஒதுக்கிப் போட்டிருந்த ஃபோர்ட் காரின் செசி என்ற அடிச்சட்டம், எம்பிலிப்பிட்டியவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த முக்தாரிடம் வாங்கிய மொரிஸ் மைனர் இஞ்சின், எங்கெங்கோ பொறுக்கிய டயர் சில்லுகள் என்று நாலு வருஷத்தில் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு காரை நிறுத்திவிட்டான். சிவப்புப் பெயின்ட். இரண்டு பேர் உட்காரலாம்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கொழும்பில் கடையில் வேலை செய்த அவள் தம்பியை ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துப்போய் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவன், வாசலில் ஏதாவது வாகனம் நின்றால் பின் கதவுப் பக்கம் போய் நின்றுகொள்வான். நம்பர் இல்லாத ஒரு காரை ஒரு தமிழன் ஓட்டிக்கொண்டு போனால் செக்பொயின்டில் நிற்கிறவன் என்ன நினைப்பான் என்று அவள் கேட்டாள். அதற்காகத்தானே பதியப்போகிறேன் என்றான் அவன்.

தொண்ணூற்றொன்பது வைகாசியில் பதிவுக்குப் போனான். செசிக்கு முதலாளியின் பழைய பதிவுப் புத்தகம் இருந்தது. இஞ்சினுக்குக் கடைத் துண்டு ரசீதைத் தவிர ஒன்றுமில்லை. களவு இஞ்சின் இல்லை என்று பொலிஸிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். நம்பர் இல்லாத காரை றோட்டில் ஓட்ட முடியாதென்று தோட்டத்து டிராக்டரின் டிரெய்லரில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பெண்பிள்ளை பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள் என்று கிருஷ்ணகுமாரியும் ஏறிக்கொண்டாள்.

ஒரு கான்ஸ்டபிள் இஞ்சின் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.யே வெளியே வந்தார். கையில் பழுப்பேறிய ஒரு ஃபைல். சிங்களத்தில் நிதானமாகத்தான் பேசினார்.

"இந்த நம்பர் எண்பத்தொன்பதுல காணாமப் போன ஒரு காரோடது. கார் மட்டுமில்ல, அதுல போன வாத்தியாரும் இன்னும் வீட்டுக்கு வரல."

அரசாங்கம் கிளர்ச்சியை அடக்க, சிங்கள ஊர்களில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல்போன வருஷம் அது. தோட்டத்தில் இருந்தவர்களும் பொழுது சாய்ந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கிடந்த வருஷம். கிருஷ்ணகுமாரி டிரெய்லரில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதன் போன காரின் இஞ்சினைத்தான் தன் புருஷன் ஒரு வருஷமாக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சுரேந்திரனை உள்ளே வைத்துக்கொண்டார்கள். இரும்புக் கடைக்காரன் யாரிடம் வாங்கினான் என்று எழுத்தில் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார் ஓ.ஐ.சி.

மறுநாள் மூன்று பஸ் மாறி எம்பிலிப்பிட்டிய போய்ச் சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முக்தார் எழுந்து கடையின் பாதிக் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க. எழுதிக் கேக்காதீங்க. வாயால சொல்றேன், ஒங்களோட இருக்கட்டும்."

விற்றவனின் பெயரைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஆள் பிடிக்க நம்பர் இல்லாத ஜீப்பில் திரிந்தவன். ஊர்ப் பக்கம் விற்றால் அடையாளம் தெரியும் என்று இத்தனை தூரம் கொண்டுவந்திருக்கிறான். இப்போது ரம்புக்கனைப் பக்கத்தில் ஒரு சந்தியில் அரிசிக் கடை வைத்திருக்கிறானாம். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் கேட்டுவிடுமோ என்று வாயை இறுக்கிக்கொண்டே வந்தாள். கடைக்காரருக்கு ஞாபகமில்லையாம் என்று ஓ.ஐ.சி.யிடம் சொன்னாள். அவர் ஒன்றும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் காணாமல்போனவரின் மனைவியைக் கூப்பிட்டிருந்தார்கள். ரம்புக்கனைப் பக்கத்துப் பியசீலி டீச்சர், மெலிந்த பெண், வெள்ளைச் சேலை, கையில் குடை. டிரெய்லரில் ஏற முடியாமல் ஏறி, பொனட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தாள். இஞ்சினின் பக்கவாட்டில் பித்தளை வைத்து ஒட்டிய பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் நின்ற சுரேந்திரனின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"எங்க இஞ்சின்தான்" என்றாள் டீச்சர்.

கிருஷ்ணகுமாரி டிரெய்லரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா இது கார் காணாமப் போறதுக்கு முந்தியே வித்தது. அவர் வேற இஞ்சின் போட்டிருந்தார். பொலிஸ்ல முறைப்பாடு எழுதும்போது நான் பழைய புத்தகத்தைப் பாத்து நம்பர் குடுத்துட்டேன்."

ஓ.ஐ.சி. ஃபைலைத் திரும்பவும் புரட்டினார். நிச்சயமாகத் தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டார். அவள் அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தாள். ஃபைலை மூடியபோது அவருக்கும் ஏதோ பாரம் இறங்கியதுபோலத்தான் இருந்தது. அன்று பின்னேரமே சுரேந்திரனை விட்டார்கள்.

வெளியே பஸ் நிற்கிற ஹோல்டில் டீச்சர் கிருஷ்ணகுமாரியின் பக்கத்தில் வந்து நின்றாள். றோட்டைப் பார்த்தபடியே, இரும்புக் கடைக்காரன் யாரிடம் வாங்கினானாம் என்று கேட்டாள். தன் புருஷனைக் காப்பாற்றியவள் கேட்கிறாள். முக்தாரின் பாதிக் கதவு ஞாபகத்துக்கு வந்தது.

"தெரியாதாம் நோனா."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டுக் குடையை விரித்தாள்.

ஆவணியில் பதிவுப் புத்தகம் வந்தது. சுரேந்திரன் வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதினான். தோட்டமே திரண்டு பார்த்தது. ஃபெக்டரி வரைக்கும் அவளையும் ஏற்றிக்கொண்டு போனான். ஏற்றத்தில் இஞ்சின் முக்கியபோது யாரோ ஏதோ சொல்ல வருவதுபோல அவளுக்குப் பட்டது. அதற்குப் பிறகு அவள் ஏறவில்லை. தலைசுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டாள். ஒரு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் டவுன் ஆபிஸில் கையெழுத்து வைக்கிற வேலை இருக்கிறதென்று அவனிடம் பொய் சொல்லிவிட்டு ரம்புக்கனைக்குப் புறப்பட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கிணற்றடியில் வைத்து டீச்சரிடம் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது குரல் வரவில்லை; உதடுதான் அசைந்தது.

"தெரியும்" என்றாள் பியசீலி டீச்சர். "அவன் கடையிலதான் அரிசி வாங்குறேன். வேற கடைக்குப் போனா ஏன்னு கேப்பான். மகனுக்கு இருபது வயசாகுது, கேஸக் கிளறினா அவனையும் தூக்கிட்டுப் போவான். அதனாலதான் அன்னைக்கு அப்பிடிப் பொய்யா எழுதிக் குடுத்தேன். ஒங்க புருஷனுக்காக இல்ல."

அப்படியானால் பஸ் ஹோல்டில் ஏன் கேட்டீர்கள் என்றாள் கிருஷ்ணகுமாரி.

"பத்து வருஷமா நான் மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கேன். வேற ஒரு வாயில இருந்து அந்தப் பேரக் கேக்கணும்போல இருந்துச்சு."

மணி அடித்தது. டீச்சர் வகுப்புக்குப் போனாள்.

கிருஷ்ணகுமாரி சந்திக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றாள். எதிரே அந்த அரிசிக் கடை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெயிலில் நிற்கிற அவளைப் பார்த்து, பஸ் வர இன்னும் நேரமாகும், நிழலுக்கு வாங்க என்று சிங்களத்தில் அன்பாகச் சொன்னார். ஒரு ஸ்டூலையும் எடுத்து வெளியே போட்டார். எந்த ஊர் என்று கேட்டார்.

வேறு ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். நிற்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார். போய் உட்கார்ந்தாள். அவர் அரிசி நிறுக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் வந்ததும் எழுந்து, அவரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு ஏறினாள்.