காம்பஸுக்கு வலப்பக்கம்

எங்கள் மேனேஜர் ராஜப்பன் சார் சுப்ரியாவின் பெயரைச் சொன்னபோது நான் டேப்லெட்டின் முதுகில் நாலாவது காந்தத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"சென்னையிலேர்ந்து பாண்டிச்சேரி, பாய்மரப் படகு," என்றார் சார். "நம்ம டேப்லெட் முதல் தடவையா கடலுக்குப் போவுது. சுப்ரியா தெற்கத்திப் பொண்ணு, கடல் பழக்கம் இருக்கும். லாவண்யா, நீ இங்க உக்காந்து ஸ்கிரீனைப் பாத்துக்கோ. இது நல்லபடியா முடிஞ்சா அடுத்தது கொச்சியிலேர்ந்து லட்சத்தீவு. சுப்ரியா சரியா செஞ்சா அவளே. சொதப்பினா நீ."

சுப்ரியாவின் ஊர் கோவில்பட்டி. அங்கிருந்து கடலுக்குப் போக பஸ் ஏற வேண்டும். சார் போனதும் அவள் என் தோளில் இடித்தாள். "ஏட்டி, எங்க ஊர்ல தீப்பெட்டிதாம் உண்டு. கடலை நான் எங்க கண்டேன்?"

"அதை அவர்கிட்ட சொல்றதுதானே?"

"நீயா இருந்தா சொல்லுவியாக்கும்?"

சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. எனக்கு ஊர் சாமல்பட்டி. இருபத்தாறு வயதாகிறது, கடலை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த டேப்லெட்டைப் படகில் எங்கே, எப்படி வைப்பது என்று வரைந்தது நான்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் இருக்கும் எங்கள் கம்பெனி, தொழிற்சாலைகளுக்கான டேப்லெட் செய்கிறது. தடிமனானது, தண்ணீர் புகாது, கீழே விழுந்தாலும் உடையாது. தொழிற்சாலையில் எந்த மெஷினைத் தொட்டாலும் இரும்பு. அதனால் டேப்லெட்டின் முதுகில் நாலு காந்தம் வைத்துவிடுவோம். ஆபரேட்டர் மெஷின் மேல் டப்பென்று ஒட்டுவார், வேலை முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போவார். திருகு வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம். இது எங்களுக்கு எவ்வளவு பழகிவிட்டது என்றால், டேப்லெட்டை வேறு விதமாகவும் மாட்டலாம் என்பதே மறந்துபோய்விட்டது.

படகு ஃபைபர். அதில் காந்தம் ஒட்டாது. ஆகவே ஒரு மெல்லிய இரும்புத் தகடு வெட்டினேன். படகை ஓட்டுபவரின் முன்னால், இடுப்பு உயரத்தில் ஒரு தூண் இருக்கும். அதன் தலையில் காம்பஸ் பதித்திருக்கும். அதற்கு வலப்பக்கம், ஒரு சாண் தூரத்தில் தகட்டை ஒட்ட வேண்டும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டேன். காம்பஸையும் மேப்பையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அந்த அம்புக்குறியில் எனக்குத் தனிப் பெருமை.

சோதனையும் நானே செய்தேன். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில், திம்மப்பன் அண்ணனின் பரிசலில், மூன்று நாள். "ஏம்மா, அந்தக் கரை இங்கிருந்தே தெரியுது. அதுக்கு மேப்பு எதுக்கு?" என்று அவர் சிரித்தார். இடம், வேகம், செய்தி அனுப்புவது, எல்லாம் சரியாக இருந்தது. பரிசலில் காம்பஸ் கிடையாது. அது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

புறப்பட்ட நாள் காலை ஏழு மணிக்கு என் திரையில் ஒரு நீலப் புள்ளி கடலுக்குள் நகர ஆரம்பித்தது. டேப்லெட் செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை, கரையில் இருக்கும் செல்போன் டவர் வழியாக அதை எனக்குச் சொல்கிறது. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை இது ஓடும். அதைத் தாண்டினால் புள்ளி நின்றுவிடும். படகு திரும்பவும் டவர் பக்கம் வந்தால், விட்டுப்போன புள்ளிகள் மொத்தமாக வந்து விழும்.

புள்ளியோடு சுப்ரியாவின் செய்திகளும் வந்தன.

"பாய் விரிச்சாச்சு. எஞ்சின் அணைச்சாச்சு. ஒரு சத்தம் இல்லட்டி."

"டால்பின்! ரெண்டு!"

போட்டோவில் வெள்ளைப் பாய் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அதன் கீழே அவள், என்னிடம் இரவல் வாங்கிய தொப்பியோடு. "சூப்பர்" என்று பதில் போட்டேன். தொப்பியைக் கொடுத்திருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

தகட்டை ஒட்டிய பசை காய நாலு மணி நேரம் ஆகும். அதுவரை டேப்லெட் அவள் மடியில்தான் இருந்தது. மணிக்கு ஒரு தடவை, கேப்டன் முனிவேல் காம்பஸில் எந்தத் திசை பிடித்து ஓட்டுகிறார் என்று கேட்டு அவள் பதிய வேண்டும். எட்டு மணிக்கு நூற்றுத் தொண்ணூறு டிகிரி, அதாவது தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே. டேப்லெட் தானாகக் கணக்கிட்ட திசை நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்பதுக்கும் அப்படியே, பத்துக்கும் பதினொன்றுக்கும் அப்படியே.

பதினொன்று பத்துக்கு ஒரு செய்தி: "பசை காஞ்சுட்டு. மாட்டியாச்சு. உன் டிசைன் அம்சமா இருக்குட்டி!"

பன்னிரண்டு மணிப் பதிவு: கேப்டன் பிடித்தது நூற்றுத் தொண்ணூறு. டேப்லெட் சொன்னது இருநூற்று நாலு.

பதினாலு டிகிரி வித்தியாசம். படகு மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் பதினாலு டிகிரி விலகினால், ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கரைப்பக்கம் போய்விடும்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குச் சுப்ரியா எழுதினாள்: "கேப்டன் கோவத்துல இருக்காரு. காம்பஸ் இருபது வருசமா பொய் சொன்னதில்லையாம், உங்க பொட்டிதான் பொய் சொல்லுதாம். வெயில் மூட்டம், கரையே தெரியல. டேப்லெட்டை அணைச்சுரச் சொல்லுதாரு. ரிப்போர்ட்ல ஃபெயில்னு எழுதப் போறாராம். என்னட்டி செய்ய?"

பக்கவாட்டுக் காற்று படகைத் தள்ளியிருக்கலாம், நீரோட்டம் தள்ளியிருக்கலாம். ஆனால் அவை காலையிலும் இருந்தன. தள்ளல் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். என் திரையில் இருந்த கோடு ஒரே இடத்தில் மடங்கியிருந்தது. மடக்கின் மேல் விரலை வைத்தேன். நேரம் காட்டியது: பதினொன்று பத்து.

நாலு காந்தம். காம்பஸிலிருந்து ஒரு சாண்.

டேப்லெட் திசையைக் கணக்கிட ஊசி எதையும் பார்ப்பதில்லை. முதலில் எங்கே இருந்தோம், இப்போது எங்கே இருக்கிறோம், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, அவ்வளவுதான். காந்தம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் காம்பஸ் ஊசிக்குப் பக்கத்தில் காந்தம் இருந்தால், ஊசி வடக்கை விட்டுவிட்டு அதன் பக்கம் சாயும். பொய் சொல்வது கேப்டனின் காம்பஸ்தான். சொல்ல வைப்பது என் அம்புக்குறி.

டேப்லெட்டை அணைத்தால் இன்னும் மோசம். மேப் போய்விடும், காந்தம் போகாது. காந்தத்துக்கு பேட்டரி வேண்டாமே. பழைய ஜி.பி.எஸ். கருவியையும் இந்தச் சோதனைக்காகக் கழற்றி வைத்துவிட்டார்கள். சாய்ந்த ஊசியை நம்பிக் கரையை நோக்கிப் போவார்கள். மேப்பில் அந்தப் பக்கம் மீன்வலை கட்டும் இடமும் ஒரு மணல்திட்டும் இருந்தன.

இதெல்லாம் எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. நான் டைப் செய்யவில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம். மூடினேன். 'சொதப்பினா நீ' என்று சார் சொன்னது காதில் அப்படியே இருந்தது. நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சொன்னாலோ, தப்பு என் வரைபடத்தில் இருப்பது தெரியும், சுப்ரியா லட்சத்தீவுக்கும் போவாள், என் தொப்பியோடு. மணல்திட்டில் தட்டினால் படகு நிற்கும், வேறென்ன ஆகிவிடும் என்றுகூட யோசித்தேன்.

திரையின் ஓரத்தில் டவர் சிக்னலின் அளவு ஓடிக்கொண்டிருந்தது. கழித்தல் நூற்றெட்டு, நூற்றிரண்டு, தொண்ணூற்றாறு. இந்த எண் குறையக் குறைய சிக்னல் பலம். கரையை விட்டு விலகி ஓட்டுவதாகக் கேப்டன் நினைத்துக்கொண்டிருக்கிறார், டவரோ அவரை நெருங்கி வரவேற்றுக்கொண்டிருக்கிறது. தொண்ணூற்றொன்று ஆனபோது டப்பாவைத் தள்ளிவிட்டு எழுதினேன்.

"அணைக்காதே. தகட்டிலிருந்து பிடுங்கு. பத்தடி தள்ளிப் போ. காம்பஸைப் பார்க்கச் சொல். தப்பு என் காந்தத்தோடது."

இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "ஊசி திரும்புது! கேப்டன் வாயைத் தொறந்துட்டு நிக்காரு! கரை தெரியுதுட்டி, பக்கத்துல!"

நீலப் புள்ளி கிழக்கே வளைந்தது. மறுநாள் பாண்டிச்சேரி சேர்ந்தது.

திங்கட்கிழமை ராஜப்பன் சார் வரைபடத்தை என் மேஜையில் போட்டார். "காந்தத்தைக் காம்பஸ் பக்கத்துல வெக்கச் சொன்ன புத்திசாலி யாரும்மா? சாமல்பட்டியில காம்பஸே விக்கறதில்லையா?" பிறகு கொஞ்சம் தணிந்து, "கண்டுபிடிச்சதும் நீதான், சரி. காந்தம் இல்லாம வேற ஒண்ணு செய். லட்சத்தீவுக்குச் சுப்ரியாவே போகட்டும். அவளுக்கு இப்ப அனுபவம் இருக்கு," என்றார்.

சுப்ரியா மூக்குத் தோல் உரிந்து வந்திருந்தாள். ரிப்போர்ட்டுக்காகப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவள் நின்றாள்.

"நான் கேட்டது முப்பத்தொண்ணு. நீ சொன்னது நாப்பத்திரண்டு. இந்தப் பதினோரு நிமிசம் என்ன செஞ்ச? கண்டுபிடிச்சிட்டு இருந்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "ஒரு நிமிஷம் கண்டுபிடிச்சேன். பத்து நிமிஷம் உன்மேல வயிறெரிஞ்சிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் பத்து நிமிசமும் நான் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டிருந்தேன். காலையிலேர்ந்தே அப்படித்தான். அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. போட்டோ மட்டும் அனுப்பினேன், உனக்கு எரியட்டும்னு." தொப்பியை மேஜையில் வைத்தாள். உப்புப் பூத்து விறைத்திருந்தது.

ரிப்போர்ட்டில் அந்த இரண்டு நேரங்களையும் அவள் அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

இப்போது பித்தளைத் திருகு வைத்த பிடி ஒன்று செய்கிறேன். பித்தளைக்குக் காம்பஸ் ஊசி சாயாது. போன சனிக்கிழமை திம்மப்பன் அண்ணனின் பரிசலில் ஒரு காம்பஸையும் பலகையில் திருகி எடுத்துப்போனேன். அவர் பரிசலைச் சுற்றிவிட்டார். அணை சுற்றியது, மலை சுற்றியது, ஊசி அசையாமல் வடக்கே நின்றது. காந்தம் கழற்றிய டேப்லெட்டை மாட்டினேன். அப்போதும் நின்றது. சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். லட்சத்தீவில் இது சுப்ரியாவின் கண்ணுக்கு முன்னால் இருக்கும் என்ற நினைப்பு வந்தது. திருகை இன்னும் ஒரு சுற்று, தேவைக்கு மேலேயே, முறுக்கினேன்.