பருத்தி மிதித்த பிள்ளை

உள்ளங்காலில் கருவேல முள் ஏறிய இடம் ஆறித் தழும்பாகிவிட்டது. ஆனாலும் ரிஃபானா தரையில் கால் வைக்க மறுத்தாள். இறக்கிவிட்டால் இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டு வீறிட்டாள். தெருவெல்லாம் ஓடித் திரிந்த இரண்டு வயதுப் பிள்ளை. இனி நடப்பாளோ மாட்டாளோ என்று அவள் அம்மா பௌசியா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அருப்புக்கோட்டை டாக்டர் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காயம் ஆறிடுச்சும்மா. பயம்தான். விளையாட்டுக் காட்டி நிக்க வைங்க."

ஊரான பரளச்சிக்குத் திரும்பியதும் பௌசியா செல்போனில் சின்னப் பிள்ளைகளுக்கான உடற்பயிற்சி விளையாட்டுகளைத் தேடினாள். கதவைச் சாத்திக்கொண்டு தவளைபோலத் தாவிக் காட்டினாள். வாத்துபோலக் குந்தி நடந்தாள். பாயில் உட்கார்ந்திருந்த ரிஃபானா கைதட்டி, "இன்னொருக்கா!" என்றாள். பயிற்சி எல்லாம் பௌசியாவுக்குத்தான் ஆயிற்று.

சன்னலில் பக்கத்து வீட்டுச் சங்கரம்மாளின் சிரித்த முகம் தெரிந்தது.

"ஏத்தா, ஒனக்கு என்ன ஆச்சு? துபாய்க்குப் போன் போட்டு ஒன் வீட்டுக்காரரை வரச் சொல்லவா?"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பௌசியா விஷயத்தைச் சொன்னாள். சங்கரம்மாள் சிரிப்பை நிறுத்தினாள்.

"பிள்ளையத் தூக்கிட்டு வா. எங்க வீட்ல பருத்தி மிதிக்கிறோம்."

அங்கே ஆள் உயரச் சாக்கு ஒன்று விட்டத்தில் தொங்கியது. சங்கரம்மாளின் கணவர் முத்துராஜ் அதற்குள் நின்று, கொட்டக் கொட்டப் பருத்தியை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார். சாக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"இங்க குடு. எனக்கும் கூலிக்கு ஆள் வேணும்." அவர் கையை நீட்டினார்.

சாக்குக்குள் இறக்கியதும் ரிஃபானா வழக்கம்போலக் கால்களை மடக்கினாள். முழங்கால் பருத்தியில் புதைந்தது. எதுவும் குத்தவில்லை. ஒரு காலை நீட்டிப் பார்த்தாள். பிறகு மற்றதையும். அவர் விரலைப் பிடித்து எழுந்து, மிதித்தாள், குதித்தாள், பொத்தென்று விழுந்து சிரித்தாள்.

வெளியே தூக்கியதும் கால்கள் மறுபடி மடங்கிக்கொண்டன.

சங்கரம்மாள் குவியலிலிருந்து கை நிறையப் பருத்தியை அள்ளித் தரையில் பரப்பினாள்.

"வேணாங்க்கா! தூசி ஒட்டுனா யாவாரி வெலையக் கொறைப்பாரு."

"கொறைச்சுட்டுப் போறாரு. நீ பிள்ளைய விடு."

ரிஃபானா பருத்தியின் மேல் குதித்துக் குதித்து ஓரம்வரை போனாள். அதற்கப்பால் வெறும் சிமென்டுத் தரை. நின்றுவிட்டாள்.

"ஏ கூலிக்காரி!" சாக்குக்குள்ளிருந்து முத்துராஜ் கத்தினார். "வேலையப் போட்டுட்டு அங்க என்ன வேடிக்கை?"

பிள்ளை திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே தரையில் இறங்கி அவரை நோக்கி ஓடியது.

பௌசியா எதையோ சொல்ல வாயெடுத்தாள். நன்றி என்ற சொல் அந்த வீட்டில் அந்நியமாக இருக்குமென்று தோன்றியது. பரப்பிய பருத்தியருகே உட்கார்ந்து, ஒவ்வொரு பஞ்சுச் சுளையாக எடுத்துத் தூசியை ஊதித் துடைக்கத் தொடங்கினாள்.

"எதுக்குத்தா அழுகுற?"

"அழுகலக்கா."

சங்கரம்மாளும் எதிரே உட்கார்ந்து ஒரு சுளையைக் கையிலெடுத்தாள். ரிஃபானா சாக்கைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்க யாரும் எழவில்லை.