கிழமை இல்லாத மே முப்பத்திரண்டு

"கிழமையே இல்லைன்னா ராகு காலம் எங்கன வரும்? நீங்களே சொல்லுங்க, சித்தப்பா."

"அது சரித்தா. ஆனா மே மாசத்துக்கு முப்பத்தொண்ணோட சரிதானே?"

"ஆனி மாசத்துக்கு முப்பத்திரண்டு இருக்குல்ல? ஆனிக்கு இருக்கலாம், மேக்கு இருக்கக் கூடாதாக்கும்?"

ஆட்டு வியாபாரி பலவேசம் மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். இரண்டு ரூபாய் கொடுத்து ஒரு நாளை வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். 2005ஆம் ஆண்டுக் கோடையில், சாத்தூரிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்த ஊரில், எட்டாம் வகுப்பு முடித்திருந்த இசைவாணி மே முப்பத்திரண்டாம் தேதியை விற்கத் தொடங்கியது இப்படித்தான்.

அவளுக்கு ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு சாத்தூரில் இருந்தது. டவுன் பஸ் அங்கே போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். அவளுடைய அம்மா கருப்பம்மாள் ஏப்ரலிலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "சைக்கிள் வந்தா ஒம்பதாம்பு. வரலைன்னா எங்கூட ஆபீசுக்கு வா." ஆபீசு என்றால் தீப்பெட்டி ஆபீசு. பதினான்கு வயதுக்குக் கீழே வேலை கிடையாது என்று அதன் வாசலில் ஒரு போர்டு இருந்தது. இசைவாணியின் வகுப்பில் படித்த மூன்று பேர் தினமும் அந்தப் போர்டைக் கடந்துதான் உள்ளே போனார்கள். சைக்கிள் கடை தனுஷ்கோடியிடம் ஒரு பழைய பச்சை லேடீஸ் சைக்கிள் இருந்தது. மே மாதம் முடிகிறவரை அதை யாருக்கும் தருவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். முடிந்த மறுநாள் காலையில் இருக்கன்குடிக்காரர் ஒருவர் பணத்தோடு வருவதாக இருந்தது.

வழக்கமாக அந்த ஊர்ப் பிள்ளைகள் கோடையில் வேப்பமுத்து பொறுக்கிப் படிக்கணக்கில் விற்பார்கள், நுங்கு சீவிக் கொடுப்பார்கள், லீவுக்குப் போனவர்களின் ஆடுகளை மேய்ப்பார்கள். அந்த வருடம் வேப்பம்பூவையெல்லாம் ஒரே காற்று அள்ளிக்கொண்டு போய் ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் பக்கம் கொட்டிவிட்டது. அதனால் இசைவாணி கடலைக் கடைகளுக்குக் கவர் ஒட்டலாம் என்று நினைத்து, சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்துக்குப் போய்க் கழிவுத் தாள் கேட்டாள். போர்மேன் நல்லசிவம் மூலையில் கிடந்த ஒரு கட்டைக் காலால் தள்ளிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தபோது எல்லாத் தாளிலும் மே 32 என்று இருந்தது. கீழே சின்னதாக வரவேண்டிய ஆனி மாதத்து முப்பத்திரண்டு, மேலே பெரிய எழுத்தில், மே மாதத்துக்கு அடியில் ஏறிவிட்டிருந்தது. கிழமை இருக்கவேண்டிய இடத்தில் மை பிடிக்கவில்லை. கிழமை தெரியாததால் ராகு காலம், எமகண்டம், சூலம் எதையும் யாரும் அச்சிடவில்லை. மற்றபடி நல்ல தாள், நல்ல சிவப்பு மை.

அதைக் கவராக ஒட்டுவது முட்டாள்தனம் என்று இசைவாணிக்கு உடனே தெரிந்தது. வீடு வீடாகப் போய், காலண்டரில் மே முப்பத்தொன்றுக்கும் ஜூன் ஒன்றுக்கும் நடுவில் செருகிக்கொள்ளச் சொல்லி விற்றாள். நாட்டில் பாதிப்பேருடைய நாட்களை அச்சடித்து அனுப்பும் வட்டாரம் அது. சிவகாசியில் அடித்த தேதியைச் சந்தேகப்படும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. பலவேசத்தின் மகள் முத்துச்செல்விக்கு நிச்சயம் செய்ய மூன்று முறை நாள் பார்த்து மூன்று முறையும் ஏதோ ஒரு தோஷம் குறுக்கே நின்றது. சோசியர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டு, குற்றம் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை என்றார். மாப்பிள்ளை வீட்டுக்கென்று பலவேசம் மறுபடியும் வந்து இருபது தாள் வாங்கினார்.

அப்படியும் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் நூற்றிருபது ரூபாய் குறைந்தது. இசைவாணி அழவில்லை. மிச்சமிருந்ததில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தனுஷ்கோடியிடம் போனாள்.

"மாமா, இதை உங்க காலண்டர்ல சொருகுங்க. மே இன்னும் முடியலை."

தனுஷ்கோடி பஞ்சர் ஒட்டிய கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். "நீ வக்கீலுக்குப் படிக்க வேண்டிய பிள்ளை. உனக்கு எதுக்கு சைக்கிள்? கார்லல்ல போகணும்." சொல்லிவிட்டுச் செருகினார். கொடுத்த வாக்கை மீறாதவர்.

மறுநாள் மே முப்பத்திரண்டு. சூரியன் அந்தத் தேதிக்கு முதல் தடவையாக வருவதால் வழி விசாரித்துக்கொண்டு கொஞ்சம் தாமதமாக வந்தது. தாள் வாங்கிய வீடுகளில் மட்டும் கதவு திறந்தார்கள். மற்ற வீடுகளில், தூக்கத்தில் புரளப் போனவர்கள் பாதிப் புரளலில் அப்படியே இருந்தார்கள். யாரும் தாள் வாங்கிக் கொடுக்காத ஒரு நாய் சாக்கடையைத் தாண்டும்போது நடுவில் அந்தரத்திலேயே நின்றிருந்தது. பிள்ளைகள் அதற்கு அடியில் குனிந்து போனார்கள். அன்று ஒரு நிமிடம்கூடக் கரண்ட் போகவில்லை. ஆபீசு வேன் வரவில்லை, கம்பெனிக் காலண்டரில் அந்தத் தேதி இல்லை. முத்துச்செல்விக்கு நிச்சயம் நடந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்காமல் தாம்பூலம் மாற்றினார்கள். பந்திக்கு ஆள் போதாமல் பலவேசம் தவித்தபோது இசைவாணி ஐந்து பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் சுமந்தார்கள், இலை எடுத்தார்கள். ஆள் கூட்டிவந்ததற்கும் சேர்த்துப் பலவேசம் கொடுத்த கூலியில், குறைந்த நூற்றிருபதும் நிறைந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அவள் பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனுஷ்கோடி கடையிலிருந்து வெளியே வந்தாள். கையை விட்டு ஓட்டவும் செய்தாள்.

அன்று ஈன்ற ஓர் ஆட்டுக்குட்டி, மறுநாள் பிறந்தவற்றின் முன்னால் கடைசிவரை மூத்ததுபோலவே நடந்துகொண்டது. பின்னாளில் சூலக்கரைக் கலெக்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோன ஒரு மனுவில் மே முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தபோது, கிளார்க் அதோடு இணைத்திருந்த தாளைத் திருப்பினார். அச்சு சிவகாசி என்று பார்த்தார். முத்திரை குத்தினார்.

அந்த நாள் தானாக முடியவில்லை. பொழுது சாய்ந்து மேற்கே ஒரு பனைமர உயரத்தில் நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. காலண்டரில் தாளைக் கிழித்தவர்கள்தான் ஜூன் ஒன்றுக்குப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறியதும் கிழித்தார்கள், வேன் தெருவில் இல்லை. தனுஷ்கோடி கடையைக் கூட்டிவிட்டுக் கிழித்தார். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. கடைசியில் தெருவில் இசைவாணியின் வீடு மட்டும் அந்தத் தேதியில் இருந்தது.

கருப்பம்மாள் பகல் முழுவதும் தூங்கியிருந்தாள். புருஷன் போன ஒன்பது வருடத்தில் வேன் ஹாரன் கேட்காமல், துணி துவைக்காமல் அவளுக்கு வாய்த்த முதல் நாள் அது. ஒரு தடவை எழுந்து, பலவேசம் கொடுத்தனுப்பிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தாள். இப்போது பாயில் உட்கார்ந்து தலையை அவிழ்த்து நிதானமாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தீக்குச்சி மருந்து படிந்து வெளுத்திருந்த அவள் விரல் நுனிகள் ஒரே நாளில் சிவந்திருந்தன.

இசைவாணி பையில் நோட்டுகளை அடுக்கி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிப் பார்த்தாள். பெல்லை ஒரு தடவை அடித்தாள். பிறகு உள்ளே வந்து சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் கையை நீட்டினாள்.

"சைக்கிள் நல்லாத்தான் இருக்கு," என்றாள் கருப்பம்மாள். "பெல்லுகூடச் சத்தமா இருக்கு."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் தெறக்குது, எட்டு மணிக்கே கெளம்பணும்மா. மொதல் பெஞ்சுல எடம் பிடிக்கணும்."

"பிடி, பிடி." சீப்பு பாதி முடியில் நின்றது. "ஏத்தா, வாணி. அந்தத் தாளை இப்பக் கிழிக்காம இரேன். நான் இன்னும் ஒரே ஒரு தூக்கம் தூங்கிக்கிறேன்."