செவலைக்கு வந்த டாக்டர்

கீழப்பழுவூர் தமிழழகனுக்குச் செவலை மாடு என்றால் உயிர். காலையில் ஐந்து லிட்டர் கறக்கும் மாடு, நான்கு நாளாக மூன்று லிட்டரோடு நின்றுவிட்டது. பால் சொசைட்டியில் கேன் இறக்குகிறவர்களிடமெல்லாம், "மடி நோயா இருக்குமோ? காம்பு சூடா இருந்தா என்ன பண்ணணும்?" என்று கேட்டுவிட்டான். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் தானே அரைத்து, மடிக்கு வலிக்காமல் பக்குவமாகத் தடவினான்.

அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி அம்பிகா. மாட்டைக் கறப்பவள் அவள்தான். பால் ஏன் குறைந்தது என்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒன்றே முக்கால் வயது மகளுக்குப் பால்குடியை மறக்கடித்து ஐந்து நாளாகிறது. மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசி ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். பால் வற்றட்டும் என்று பழைய துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாளே வலது பக்கம் கெட்டியாகி, கறக்கும்போது கையை அழுத்தினால் வலியில் உயிர் போனது. உள்ளே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. 'புற்றுநோயாக இருந்தால் பிள்ளையை யார் பார்ப்பது' என்று பயந்தாள். பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. மகள் ஓடிவந்து நெஞ்சில் விழும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

அன்று தமிழழகன் கால்நடை டாக்டர் வினோதினியைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தான். அவர் நான்கு காம்பையும் பீய்ச்சிப் பார்த்தார்.

"மாட்டுக்கு ஒரு குறையும் இல்லைங்க. மடியில இன்னும் பால் நிக்குது. கறக்குறவங்கதான் முழுசா கறக்கல. இப்படியே விட்டா பால் கட்டிக்கும்."

"ஏன் புள்ள, கை வலிக்குதா?" என்றான் தமிழழகன்.

அம்பிகா தலை குனிந்துகொண்டாள். டாக்டர் அவள் கையைத் தொட்டார். சுட்டது.

"காய்ச்சல் அடிக்குதேம்மா. என்ன பண்ணுது?"

அவள் மாட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "எனக்குத்தாங்க பால் கட்டிக்கிச்சு" என்றவள், துண்டு கட்டியதையும் கட்டி வந்ததையும் அழுதுகொண்டே சொல்லிமுடித்தாள்.

"நான் மாட்டு டாக்டரும்மா, உனக்கு மருந்து சொல்லக்கூடாது. அந்தத் துண்ட மொதல்ல அவுத்துட்டு, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

தமிழழகன் மஞ்சள் கறை படிந்த கையோடு நின்றான். "செவலைய வத்த வைக்கணும்னா ஒரு வேளை ஒரு வேளையா கொறைப்போம். ஒன்னைய ஒரே நாள்ல நிறுத்த விட்டுட்டேனே. என்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்றான். அவன் கண் கலங்கி அம்பிகா அதுவரை பார்த்ததில்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். பால் அடைத்து வீங்கியதில் வந்த காய்ச்சல் என்றார். மாத்திரை கொடுத்தார். இறுக்கிக் கட்டக்கூடாது, வலி குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சி விட வேண்டும் என்றார். "பால் நின்னா மார்பு கொஞ்சம் தளரும், ரெண்டு பக்கமும் அளவு வேறயா தெரியும். அதுக்குப் பயப்படாத. ஆனா ரெண்டு வாரத்துல கட்டி கரையலன்னா கட்டாயம் வரணும், ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்."

அந்த இரண்டு வாரமும் தமிழழகனே கறந்தான். செவலை அவனை மூன்று முறை உதைத்தது. அம்பிகா சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். கட்டி கரைந்துவிட்டது. அதையும் டாக்டரம்மாவிடம் ஒருதடவை காட்டிவிட்டுத்தான் அவள் மறுபடி கேனைத் தூக்கினாள்.

சொசைட்டியில் வரிசையில் நின்ற அமிர்தவல்லி, இடுப்பில் பிள்ளையோடு, "செவலைக்கு மடி சரியாப் போச்சா?" என்று கேட்டாள்.

"செவலைக்கு ஒண்ணுமில்லக்கா. எனக்குத்தான் மாருல பால் கட்டிக்கிச்சு."

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மாட்டு மடியப் பத்தி இங்க எல்லாருகிட்டயும் கேக்குறோம். நமக்கு மாருல வலின்னா மட்டும் மூடி மூடி வைக்கிறோம். வெக்கப்பட்டு நோவ மறைக்கக் கூடாதுக்கா. வலிச்சா வூட்டுல சொல்லணும், டாக்டருகிட்ட காட்டணும். நாலு நாளு நான் பட்டது போதும்" என்றாள் அம்பிகா.

அமிர்தவல்லி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவள் காதருகே வந்தாள்.

"அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் இருப்பாங்க?"