அரைக் கூடைப் படம்

ஒரு படம் நல்லதா இல்லையா என்று எங்கள் தேயிலை நிரையில் கடைசியாகச் சொல்வது நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. இந்த யூஜினாவுக்கு வாய் நீளம், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை பெரட்டில் பேர் பதிந்து, மலையேறி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தில் கை வைத்ததும் முதலில் வரும் கேள்வி, "நேத்து என்னா படம்?" ஞாயிற்றுக்கிழமை பார்த்தவள் கதையைச் சொல்லுவாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பறிப்போம். கதை நன்றாக இருந்தால் கூடை நிறைவதே தெரியாது. அதனால் நாங்கள் படத்துக்கு மதிப்புப் போடுவதும் கூடையை வைத்துத்தான்: நிறைகூடை, முக்கால் கூடை, அரைக் கூடை. நான் அரைக் கூடை என்று சொல்லிவிட்டால் அந்தப் படத்தை லயத்தில் அதற்குப் பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

சுலக்ஷனா நான்கு திங்கட்கிழமைகளாகச் சொன்ன படத்துக்கு நான் அரைக் கூடைதான் கொடுத்தேன். அப்படி ஒரு படமே இல்லை என்று இப்போது தெரியும். அந்தப் பெண் தனக்கு நடந்ததைத்தான் சொன்னாள். என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்டாள். நான் டைரக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. மேலே ஒரு முழ இடைவெளி. அடுத்த வீட்டில் வெங்காயம் வதக்கினால் எனக்குக் கண் எரியும். இப்படி வாழ்கிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. சுவருக்கு மேலே வந்த சண்டை, அழுகை, புருஷன் பெண்சாதி பேச்சு எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. விடிந்ததும் முகத்தைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகவேண்டும். டீவிச் சத்தம் ஒன்றுதான் விலக்கு. அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கலாம்.

சுலக்ஷனா பூண்டுலோயாப் பக்கமிருந்து கட்டிவந்து இரண்டு வருஷம். அடுத்த காம்பரா, மலையிலும் என் பக்கத்து நிரை. அவள் புருஷன் விஜிதரன் இறம்பொடையில் ஆட்டோ ஓட்டுகிறவன். நீர்வீழ்ச்சி பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவான். மரியாதையான பையன் என்று தோட்டமே சொல்லும். எனக்கு மறுபக்கத்து நிரையில் பறிக்கும் அம்மாக்கண்ணுவுக்கு மூச்சு முட்டியபோது இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காசு வாங்காமல் திரும்பக் கொண்டுவந்து விட்டவன். போன வருஷம் பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி டீவியோடு இணைத்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் என் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து, சமைத்துச் சாப்பிட்டுக் கால் நீட்டியிருந்தேன். அடுத்த பக்கம் ஒரே அடிதடிப் படம். இடையில் ஒரு பெண் அலறினாள்.

"பேய்ப் படமோ?" என்றேன் என் புருஷன் இக்னேசியஸிடம்.

"எதுவா இருந்தா நமக்கென்னா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மலையில் கேட்டேன். "நேத்து உங்க காம்பராவுல என்னா படம் புள்ள? ஒரே கத்தலாக் கெடந்துச்சு."

அவள் கை கொழுந்தின் மேலேயே நின்றது. தலைத்துணியைக் கன்னம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். "பேரு தெரியலக்கா. பாதியிலருந்துதான் பாத்தேன்."

"பரவால்ல, சொல்லு."

"ஒரு பொண்ணுக்கா. வேற தோட்டத்துக்குக் கட்டிட்டு வாரா. புருசன் வெளிய ரொம்ப நல்லவரு. வயசாளிங்களுக்கெல்லாம் ஓடி ஓடி உதவி செய்வாரு. வீட்டுக்குள்ள வந்தா அடி."

"அட, நம்ம விஜி தம்பி மாதிரின்னு நெனச்சேன். அடிக்கிறானா?" என்று அம்மாக்கண்ணு சிரித்தாள். சுலக்ஷனாவும் கொஞ்சம் சிரித்தாள்.

"எதுக்கு அடிக்கிறான்?" என்றேன்.

"காரணம் காட்டலக்கா."

"காரணமில்லாம அடிச்சா அது என்னா கதை? சரி, அவளுக்கு அம்மா வீடு இல்லியா? காலு இல்லியா? எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே!"

"போனா சரியா வருமாக்கா?"

"போகாம அங்கயே கெடந்தா படம் பாக்குறவங்களுக்குத்தான் எரிச்சல் வரும்" என்றேன்.

அந்தப் புதன்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. அம்மாவைப் பார்க்கப் பூண்டுலோயா போயிருப்பதாக விஜிதரனே சொன்னான். வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றாள். நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கள் நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள். "அந்தப் படத்துல மிச்சம் பாத்தேன்க்கா. அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. சோறு போட்டாங்க. தலைக்கு எண்ணெ வச்சுவிட்டாங்க. தங்கச்சி ஒருத்தி இருக்கா, அவள நல்ல எடத்துல குடுக்கணும், நீ வந்து உக்காந்துட்டா யாரு கேட்டு வருவாங்க, பொறுத்துப் போன்னு சொல்லி, மத்தநாளு அம்மாவே பஸ்ஸுல கொண்டாந்து விட்டுட்டாங்க."

அம்மாக்கண்ணு முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். "பாவம், அந்த அம்மாதான் என்னா செய்வா."

எனக்கு அழுகைப் படம் பிடிக்காது. "அழுவ வைக்கிறதுக்குன்னே எடுக்குறானுங்க. பொலிசுன்னு ஒண்ணு இருக்குல்ல? அங்க போகத் தெரியாதா அவளுக்கு?" என்று சீறினேன்.

"தனியாப் போகலாமாக்கா?"

"இந்தக் காலத்துல என்னா தனியா? அதெல்லாம் போகலாம்."

மூன்றாவது திங்கள் அவள் ஒற்றைக் கையால் பறித்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். கேட்டதற்குப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போய் வழுக்கிவிட்டேன் என்றாள். பாசி பிடித்த படி, மழைநாளில் நானும் அங்கே விழுந்திருக்கிறேன். கங்காணி கொழுந்து காணாது, குறையுது என்று கத்தியபோது என் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போட்டேன். பெரிய உபகாரம் செய்ததாக அன்று முழுக்க நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சொன்ன பாகம் இது. பெண் பொலிசுக்குப் போகிறாள். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. அங்கிருந்தவர் புருஷனுக்குப் பழக்கமானவர். அவனை வரவழைத்து, இரண்டு பேருக்கும் புத்தி சொல்லி, ஒன்றாக ஏற்றி அனுப்பிவிடுகிறார்.

"போற வழியில அவரு ஒண்ணுமே பேசலக்கா. கடையில நிப்பாட்டி அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு. அத அவ தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாரு."

"அந்த எடம் நல்லா இருக்கு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

நான்காவது திங்கள் பனிமூட்டம். பக்கத்து ஆளின் முகம் கூடத் தெளிவில்லை. அன்றைக்கு அவள் குரல் மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம்.

"அவரு அடிக்கிறதுக்கு முந்தி ரேடியோவ சத்தமா வச்சுருவாருக்கா. அவ கத்துறது பாட்டோட பாட்டாப் போயிரும்."

அந்த இடத்தில் எனக்கு ஏதோ சுருக்கென்றது. தெரியாது என்று நான் பொய் சொல்லமாட்டேன். நெஞ்சுக்குள் ஒன்று எழும்பியது, நான்தான் அதை உட்கார வைத்தேன். விஜி தம்பியா, சேச்சே என்று உட்கார வைத்தேன். சுவருக்கு மேலே வந்ததைக் கேட்டால் நாளைக்கு என் வீட்டுக் கதையையும் நாலு பேர் கேட்பார்களே என்றும் உட்கார வைத்தேன்.

"அக்கம்பக்கத்துல ஆளே இல்லியா?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்காங்கக்கா. நெறைய இருக்காங்க." பறித்துக்கொண்டே கேட்டாள்: "அவங்கள்ல ஒருத்தங்க வந்து கதவத் தட்டுற மாதிரி ஒரு சீன் வந்தா, படம் நல்லா இருக்குமாக்கா?"

பனிக்குள்ளிருந்து அந்தக் கேள்வி வந்தது. நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன்.

"வேணாம் புள்ள. அது சினிமாத்தனம். நெசத்துல யாரு அடுத்தவன் குடும்பத்துல போயி தலையிடுவாங்க? பக்கத்துல இருக்கவங்களுக்குக் கேக்காதுங்கிறதும் நம்புற மாதிரி இல்ல. அரைக் கூடைதான். அதுக்கு மேல ஒரு கொழுந்து போடமாட்டேன்."

"சரிக்கா" என்றாள்.

"முடிவு என்னா?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

"இன்னும் பாக்கல பெரியம்மா."

அந்த ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்பீக்கர் தொடங்கியது. வழக்கமான சண்டை, வழக்கமான அலறல். பிறகு அலறல் நின்றது, படம் மட்டும் ஓடியது. சற்று நேரத்தில் எங்கள் நடுச்சுவரின் அடியில் டொக், டொக் என்று மெதுவாகக் கேட்டது. எனக்குத் தலைவலி. சத்தமும் போட்டுவிட்டு என்ன தட்டல் வேண்டிக்கிடக்கிறது என்று கோபம் வந்தது. அகப்பையை எடுத்து அதன் காம்பால் நானும் சுவரில் ஓங்கித் தட்டினேன், சத்தத்தைக் குறை என்று. அந்தப் பக்கம் இன்னொரு தடவை தட்டிற்று. அதன் பிறகு தட்டவில்லை.

படம் முடிந்தது. விளம்பரம் ஓடியது. செய்தி ஓடியது. மறுபடியும் விளம்பரம். ஒருவரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. ஐந்து மணிக்கு என்னால் பொறுக்கமுடியாமல் எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன். நான் ஒரு மாதத்துக்கு முன் தட்டியிருக்கவேண்டிய கதவு. வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. ஆட்டோவைக் காணவில்லை. உள்ளே ஒரு பெண் சவர்க்கார விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இக்னேசியஸ் எங்கள் பக்கமிருந்து மேசை மேல் ஏறி, சுவரின் மேல் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் குதித்து முதலில் டீவியை நிறுத்தினார். சுலக்ஷனா எங்கள் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். கையில் தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அதைக் கொண்டுதான் தட்டியிருக்கிறாள்.

விஜிதரன் வேறு கதை சொன்னான். அவள் பீலிக்கரையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்ததாம், படுத்திரு என்று சொல்லிப் பூட்டிவிட்டு மருந்து வாங்கப் போனானாம். செத்த வீட்டில் அவன் அழுத அழுகைக்கு அம்மாக்கண்ணு அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அம்மா பூண்டுலோயாவிலிருந்து சின்ன மகளின் கையைப் பிடித்தபடி வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் பொலிசார் விசாரணைக்கு வந்தார்கள். தோட்ட ஆபிஸில் மேசை போட்டு, லயத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அவர்களில் பெரியவர் சிங்களத்தில் கேட்டார், தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் மாற்றிச் சொன்னார். சத்தம் கேட்டதா என்ற கேள்விக்கு எங்கள் லயத்தில் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். டீவிச் சத்தம் என்று நினைத்தோம்.

"நீயும் அதயே சொல்லிட்டு வந்துரு" என்றார் இக்னேசியஸ், வாசலில் வைத்து. "பக்கத்துக் காம்பரா. நாளைக்கும் அவன் மூஞ்சில முழிக்கணும்."

என் முறை வந்தது. நானும் டீவிச் சத்தம் என்றுதான் ஆரம்பித்தேன். பெரியவர் எழுதியதைக் கான்ஸ்டபிள் வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளைத் திருப்பினார். பேனாவைக் கையில் வாங்கியபோது அந்த டொக், டொக் மறுபடியும் என் காதில் கேட்டது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"இன்னும் இருக்கு சார்" என்றேன். "அவ பீலிக்கரையில விழல. அவன் அடிச்சான். அவ என்கிட்ட சொன்னா. நாலு திங்கக்கெழம சொன்னா. அம்மா வீட்டுக்குப் போனத சொன்னா, பொலிசுக்குப் போனத சொன்னா, சத்தத்தக் கூட்டி வச்சு அடிக்கிறத சொன்னா. யாராச்சும் வந்து கதவத் தட்டுவீங்களான்னும் கேட்டா."

கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னார். பெரியவர் புதிய தாள் எடுத்து எழுதினார். கடைசியில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். சின்னக் கேள்விதான்.

"அவ அப்படிச் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு கேக்குறாரு" என்றார் கான்ஸ்டபிள்.

வெளியே வாசலில் இக்னேசியஸ், அம்மாக்கண்ணு, மற்றக் காம்பரா ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். கதவு திறந்துதான் கிடந்தது.

"அரைக் கூடைன்னு சொன்னேன் சார்."

"அப்படின்னா?"

"படம் நல்லா இல்லன்னு அர்த்தம்" என்றேன். "அதையும் எழுதிக்கங்க."